வண்டியில் உட்கார்ந்திருந்த வரிசை

நம் துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். ஓய்வு பெற்றவர்களிடம் இப்படிக் கேட்பதில் ஓர் ஆபத்து உண்டு. ஆரம்பித்தால் நிறுத்த மாட்டோம். ஒலிப்பதிவு செய்வது எப்படி, செய்ததைப் பிரித்து எழுதுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அதெல்லாம் உங்களைவிட உங்கள் கைப்பேசிக்கு நன்றாகத் தெரியும். ஒரு மனிதரிடம் கேள்வி கேட்பது எப்படி என்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கேட்கிறதில் என்ன இருக்கிறது, வாய் இருந்தால் போதாதா என்று நினைப்பீர்கள். நானும் அப்படி நினைத்தவள்தான்.

நான் குடவாசல் பக்கத்துப் பெண். அம்மா நடவுக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். மொழியியல் படிக்கப் போகிறேன் என்றபோது அது என்ன என்று கேட்டார். ஜனங்கள் பேசுவதைப் பற்றிய படிப்பு என்றேன். "அதான் பேசத் தெரியுதே, அப்புறம் என்னத்தப் படிக்கப் போறே" என்றார். ஆனால் அந்தப் படிப்புதான் சோறு போட்டது.

என் வேலை, உலகத்தில் மனிதர்கள் பொருள்களை எண்ணும்போது சொற்களை எந்த வரிசையில் வைக்கிறார்கள் என்று பார்ப்பது. நாம் 'மூணு படி அரிசி' என்கிறோம். 'அரிசி மூணு படி' என்றும் சொல்வோம். 'மூணு அரிசி படி' என்று குழந்தைகூடச் சொல்லாது. வங்காளத்தில் மூன்று ஆட்கள் என்பதற்கு 'தின் ஜொன் லோக்' என்பார்கள். தின் என்றால் மூன்று, லோக் என்றால் ஆட்கள், நடுவில் இருக்கும் ஜொன் ஏறக்குறைய நம்முடைய 'பேர்' மாதிரி. சீனத்திலும் இதே வரிசைதான். தாய்லாந்திலும் பர்மாவிலும் ஆள் முன்னால் வந்துவிடுவார். எண்ணும், ஜொன் மாதிரியான அந்தச் சின்னச் சொல்லும் பின்னால் வரும். சுவாகிலியில் சின்னச் சொல்லே கிடையாது. ஆள் முதலில், எண் பிறகு, அவ்வளவுதான். சின்னச் சொல் இருக்கிற மொழிகளில் அதுவும் எண்ணும், கூட்டத்தில் கைகோத்துப் போகும் பிள்ளைகள் போல, ஒட்டியே இருக்கும். பொருள் இந்தப் பக்கம் நிற்கும், அல்லது அந்தப் பக்கம் நிற்கும். நடுவில் நுழைவது மிக அபூர்வம். ஏன் அப்படி என்று பெரிய பெரிய ஆட்கள் இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சண்டைக்கு நம் பக்கத்து வயல்களிலிருந்து சாட்சி சேர்த்துக் கொடுப்பதில்தான் என் காலம் போயிற்று.

சீர்காழிப் பக்கம் நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சிரிப்பு வரும் விஷயம்தான், ஆனால் அது தெரியாவிட்டால் பின்னால் சொல்லப் போவது புரியாது. அப்போது எங்கள் குழுவுக்கு ஓர் அம்மாள் தலைவராக இருந்தார். அதிகம் பேச மாட்டார். அவருக்குக் கோபம் வந்திருக்கிறது என்பதே இரண்டு நாள் கழித்துத்தான் நமக்குத் தெரியும். குழுவில் என்னோடு இருந்த ஒரு நண்பர், மாடு வைத்துப் பால் ஊற்றும் ஒரு பெரியவரிடம் போய், 'நாலு லிட்டர் பால்' என்பீர்களா, 'பால் நாலு லிட்டர்' என்பீர்களா என்று கேட்டார். ரெண்டும் சொல்றதுதாங்க என்றார் அவர். நண்பருக்கு ஆசை விடவில்லை. 'நாலு பால் லிட்டர்' என்று சொல்வதுண்டா என்று கேட்டார். பெரியவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியும் சொல்லலாங்க என்றார். அவ்வளவுதான், நண்பருக்குத் தலைகால் புரியவில்லை. உலகத்தில் எங்கேயும் அகப்படாதது சீர்காழியில் அகப்பட்டுவிட்டது என்று ஓடிவந்தார்.

அம்மாள் மறுநாள் விடிந்ததும் எங்களை அழைத்துக்கொண்டு அந்தப் பெரியவர் பால் ஊற்றும் இடத்துக்குப் போனார். பால் ஊற்றி முடியும்வரை சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பேச்சு ஒரு தடவைகூட அவர் வாயில் வரவில்லை. கடைசியில் அம்மாள் அவரிடம் மெதுவாக, நேற்று ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று விசாரித்தார்.

"தம்பி இவ்ளோ தூரம் வந்து ஆசையா கேக்குது. இல்லன்னு சொன்னா மொகம் வாடிப்போயிடும்ல" என்றார் அவர்.

திரும்பும்போது பேருந்தில் அம்மாள் எங்களிடம் சொன்னதை நான் மறக்கவில்லை. "நீங்க கேட்டது கேள்வியே இல்ல. பதிலைக் கையில வச்சிக்கிட்டு கையெழுத்து வாங்கப் போனீங்க." அதன் பிறகு எங்கள் குழுவில் ஒரு நடைமுறை வந்தது. எண்ணிக்கையை எதிரில் இருப்பவர் வாயில் நாம் வைக்கக் கூடாது. பொருளைக் கண்முன்னால் வைக்க வேண்டும், நாம் வாயை மூடிக்கொள்ள வேண்டும். அவரே சொல்லட்டும். சொல்ல நேரம் ஆனால் ஆகட்டும். நம் ஊர்ப்பக்கத்தில் மரியாதைக்குரியவர் என்று நினைக்கும் ஒருவர் ஒன்றைச் சொல்லி 'அப்படித்தானே' என்று கேட்டால், தலை தானாக ஆடும். அது பொய் இல்லை. வந்தவரை வருத்தப்படுத்தக் கூடாது என்கிற பண்பு. கள ஆய்வுக்குப் போகிறவருக்கு அந்தப் பண்பைப் போல எதிரி வேறு இல்லை.

இப்போது நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய சம்பா நடவு. ஊரில் நடவுக்கு ஆள் கிடைக்காமல், வங்காளத்திலிருந்து ஆட்கள் வந்து நட ஆரம்பித்து அதற்குள் சில வருஷங்கள் ஆகியிருந்தன. குடவாசலுக்குக் கிழக்கே ஓர் ஊரில், கொட்டகை ஒன்றில் அப்படி ஒரு கூட்டம் தங்கியிருந்தது. முர்ஷிதாபாத் பக்கத்து ஆட்கள். எனக்கு வங்காளம் கொஞ்சம் வரும். வேலை நிமித்தம் அங்கே இருந்தபோது கற்றுக்கொண்டது. சந்தையில் மீன் வாங்குகிற அளவுக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஆட்களும் அவர்களும் சேர்ந்து வேலை செய்யும்போது எப்படி எண்ணுகிறார்கள் என்று பதிவு செய்ய நான் தினமும் வயலுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அது பார்க்க அழகான விஷயம். நாற்றுக் கட்டுக்கு நம்மவர்கள் சொல்லும் 'முடி' என்கிற சொல்லை அவர்கள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். எண்ணை மட்டும் விடவில்லை. பத்து முடி என்பதற்கு 'தொஷ் முடி' என்று சொல்லிக் கரையிலிருந்து வீசுவார்கள். வாங்குகிற நம் ஊர்ப் பெண்ணும் தொஷ் முடி என்று திருப்பிச் சொல்லி வாங்குவார். இரண்டு மொழி கலந்தும் எண்ணும் அளவும் ஒட்டியேதான் இருந்தன. எனக்கு அதில் ஒரே சந்தோஷம். அந்தக் கூட்டத்தில் மூத்தவர் சிராஜ். சளைக்காமல் பேசுகிறவர் ஜமால். நான் சொல்லும் வங்காளத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்துத் திருத்துவார். அவர்களை அழைத்து வந்த ஏஜெண்ட் நம் பக்கத்துக்காரர்தான். வயலில் நான் பார்த்ததும் பழகியதும் பத்து பேர். இது முக்கியம், மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு எனக்கு ஊரில் வேறு வேலை இருந்ததால் வயலுக்குப் போகவில்லை. மேற்கே நல்ல மழை பெய்து ஆறு இரண்டு கரையும் தொட்டுப் போய்க்கொண்டிருந்தது. மதியத்துக்கு மேல், வங்காளத்து ஆட்கள் நட்டு முடித்து டிராக்டர் டிரெய்லரில் ஆற்றங்கரை வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஊறிப்போன கரை உள்வாங்கியது. டிராக்டர் மேலேயே தொற்றிக்கொண்டது. டிரெய்லர் கழன்று ஆட்களோடு ஆற்றில் கவிழ்ந்தது. எனக்குச் செய்தி வந்து நான் போய்ச் சேரும்போது ஊரே கரையில் நின்றது. தீயணைப்பு வண்டி வந்திருந்தது, ஒரு போலீஸ்காரரும் இருந்தார். பெரும்பாலானவர்கள் தாங்களாகவே நீந்திக் கரையேறியிருந்தார்கள். இரண்டு பேரைக் கயிறு போட்டு இழுத்திருந்தார்கள். ஜமால் மட்டும் தண்ணீர் குடித்து நினைவில்லாமல் இருந்ததால் ஆம்புலன்ஸில் அரசு மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள். மூச்சு இருக்கிறது, பிழைத்துக்கொள்வார் என்றார்கள்.

பத்து பேர் போனார்கள், பத்து பேரும் கிடைத்துவிட்டார்கள் என்று கரையெல்லாம் ஒரே பேச்சு. சாமி கண் திறந்துவிட்டது என்று ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். நானும் மனதுக்குள் கும்பிட்டேன். எனக்குத் தெரிந்த ஒன்பது முகமும் கண் முன்னால் இருந்தன, பத்தாவது முகம் மருத்துவமனைக்குப் போயிருந்தது.

தீயணைப்பு நிலைய அலுவலர் என்னிடம் வந்தார். நிதானமான மனிதர். காலையிலிருந்து அவர்களுக்கு இது மூன்றாவது இடம் என்று யாரோ சொன்னார்கள்.

"மேடம், உங்களுக்கு அவங்க பாஷை தெரியும்னாங்க. பத்து பேர்தானான்னு ஒரு தடவை கேட்டுச் சொல்லிடுங்க. நாங்க கயித்தை எடுத்துடுறோம்" என்றார்.

போய்க் கேட்டேன். அவர் கேட்டபடியே கேட்டேன். பத்து பேர்தானே? ஒன்பது பேரும் ஒரே குரலில் 'தொஷ் ஜொன்' என்றார்கள். பத்து பேர். பக்கத்தில் நின்ற ஏஜெண்டும் தலையாட்டினார்.

இனிமேல்தான் நான் சொல்ல வேண்டியது. அந்தப் பதிலில் எனக்கு ஏதோ உறுத்தியது. என்ன என்று அப்போது தெரியவில்லை. பிறகு யோசித்துத்தான் சொல்கிறேன். ஆற்றில் விழுந்து எழுந்த மனிதர்கள் ஒரே குரலில் பேச மாட்டார்கள். ஒருவர் முந்துவார், ஒருவர் திருத்துவார், ஒருவர் அழுவார், ஒருவர் சம்பந்தமில்லாமல் செருப்பைத் தேடுவார். இவர்கள் ஒப்பித்தார்கள். பதில் சொல்வதற்கு முன்னால் சிராஜ் ஏஜெண்டின் முகத்தைப் பார்த்தார். பால் ஊற்றிய அந்தப் பெரியவரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. நான் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டிருக்கிறேன் என்று புரிந்தது.

ஆனால் யோசித்துப் பாருங்கள். என் உறுத்தலுக்கு என்ன ஆதாரம்? எனக்குத் தெரிந்ததும் பத்து பேர்தான். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. தண்ணீரின் வேகம் குறையவில்லை. எனக்கு மனசு சரியில்லை என்பதற்காக, வீட்டில் பெண்டாட்டி பிள்ளை வைத்திருக்கும் அந்தத் தீயணைப்புக்காரர்களை மறுபடி அந்த ஆற்றில் இறக்கச் சொல்ல முடியுமா? நான் ஆராய்ச்சி செய்ய வந்தவள். எனக்கு அங்கே எந்த அதிகாரமும் கிடையாது.

"அதான் சொல்றாங்கல்ல மேடம். ஈரத்துல நடுங்கிட்டு நிக்கிறாங்க, விடுங்க" என்றார் ஏஜெண்ட். அவர் சொன்னதும் நியாயம்தான். உண்மையிலேயே நடுங்கிக்கொண்டுதான் நின்றார்கள்.

நடுங்குகிறார்களே, கடைத்தெருவில் டீ வாங்கிக்கொண்டு வாருங்கள் என்று ஏஜெண்டை அனுப்பினேன். அலுவலரிடம் ஐந்து நிமிஷம் கொடுங்கள் என்றேன். அவர் தம் ஆட்களைப் பார்த்துக் கையைக் காட்டினார். கயிறு சுருட்டுவதை நிறுத்தினார்கள்.

அவர்களிடம் எத்தனை பேர் என்று நான் மறுபடி கேட்கவில்லை. என் அரைகுறை வங்காளத்தில், டிரெய்லரில் எப்படி உட்கார்ந்து வந்தீர்களோ அப்படியே இந்தக் கரையில் உட்காருங்கள் என்றேன். முதலில் புரியவில்லை. நானே மண்ணில் குச்சியால் டிரெய்லரைப் போல ஒரு கட்டம் கிழித்தேன். சிராஜ் வந்து முன்பக்கம் இடது மூலையில் உட்கார்ந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வந்தார்கள். நீ இங்கே இல்லை, அங்கே என்று தங்களுக்குள் சொல்லி இடம் மாறினார்கள். அதுவரை மரம் போல நின்றவர்களுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

ஒன்பது பேரும் உட்கார்ந்தார்கள். பின்பக்கத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அது ஜமாலின் இடம் என்றார்கள். சரி. அதை ஒட்டிக் கடைசியில் இன்னும் ஓர் இடம் இருந்தது. அதற்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவரை, நகர்ந்து உட்காருங்களேன் என்றேன். அவர் நகரவில்லை. அந்த இடத்தைப் பார்த்தார். பிறகு ஒன்பது பேரும் அந்த இடத்தைப் பார்த்தார்கள்.

யார் அங்கே என்று கேட்க என் நாக்கு துடித்தது. கேட்கவில்லை. என் வாழ்நாளில் வாயை மூடிக்கொண்டிருக்க அவ்வளவு கஷ்டப்பட்டது கிடையாது.

"ஹாஷேம்" என்றார் சிராஜ். சொல்லிவிட்டு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஹாஷேம் ஜமாலின் அண்ணன். கால் ஊனம் என்பதால் நடவுக்கு இறங்க மாட்டார். ஊரில் பிழைப்பு இல்லாமல் தம்பியைத் தேடிப் பின்னால் தனியாக ரயிலேறி வந்தவர். கொட்டகையில் இருந்து சமைத்துப் போடுவார். அதனால்தான் வயலுக்கே போய்க்கொண்டிருந்த நான் அவரைப் பார்த்ததில்லை. அன்றைக்கு மட்டும் மதியச் சாப்பாட்டைப் பாத்திரத்தோடு வயலுக்குக் கொண்டுவந்து, திரும்பும்போது அதே வண்டியில் ஏறியிருக்கிறார். கொட்டகைக்காரர் பத்து பேருக்குத்தான் இடம் என்று கறாராகச் சொல்லியிருந்தாராம். அதனால் யார் கேட்டாலும் பத்து என்றே சொல்லுங்கள் என்று ஏஜெண்ட் சொல்லி வைத்திருந்தார். நடவுக்குப் பேசும்போதும் பத்து ஆள்தான். சமைக்கிறவரை யார் ஆளாக எண்ணப் போகிறார்கள்?

கரையேறியதும் ஹாஷேம் எங்கே என்று ஒருவர் ஏஜெண்டிடம் கேட்டிருக்கிறார். வழியில் பாலத்தடியில் காய்கறி வாங்க இறங்கியிருப்பார், எப்போதும் அங்கே வாங்குகிறவர்தானே என்று அவர் சொல்லியிருக்கிறார். அவரும் அப்படித்தான் நம்பினார் என்று நினைக்கிறேன். இவர்களுக்கும் நம்பத்தான் ஆசை. ஹாஷேம் இறங்கினாரா இல்லையா என்று அடித்துச் சொல்லக் கூடியவர் பக்கத்தில் உட்கார்ந்து வந்த தம்பி ஒருவர்தான். அந்தத் தம்பி நினைவில்லாமல் மருத்துவமனைக்குப் போய்விட்டார்.

அலுவலரிடம் போனேன்.

"இன்னொருத்தர் இருக்காரு சார். ஆத்துலதான் இருக்காருன்னு என்னால சொல்ல முடியாது. பாலத்துக்கிட்ட எறங்கியிருப்பாருன்னு நெனக்கிறாங்க. ஆனா எறங்கினதை யாரும் பாக்கல."

"உங்களுக்கு நிச்சயமா தெரியுமா மேடம்?"

"இங்க இல்லங்கிறது மட்டும் நிச்சயம்."

பாலத்தடிக் கடைக்கு ஊர்க்காரர் ஒருவரை வண்டியில் அனுப்பினார்கள். அவர் திரும்பி வரட்டும் என்று அந்த அலுவலர் காத்திருந்திருக்கலாம். காத்திருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் தண்ணீரைப் பார்த்தார், அந்தக் காலி இடத்தைப் பார்த்தார், கயிற்றை எடுங்கள் என்றார். கடைக்குப் போனவர் திரும்பி வந்து, இன்றைக்கு அந்த ஆள் கடைக்கே வரவில்லை என்று சொல்லும்போது ரப்பர் படகு தண்ணீரில் இறங்கி வெகுதூரம் போயிருந்தது. ஏஜெண்ட் டீத் தூக்கோடு வந்து நின்றார். தண்ணீரில் படகைப் பார்த்ததுமே தெரிந்துகொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

ஆறு திரும்புகிற இடத்தில் ஒரு மூங்கில் புதர் தண்ணீரில் சாய்ந்திருந்தது. அதன் அடியில் ஹாஷேம் அகப்பட்டார். உயிர் இல்லை. ஒரு கை மூங்கில் வேரைப் பிடித்திருந்தது. விரல்களை ஒவ்வொன்றாக விடுவிக்க வேண்டியிருந்தது என்று தூக்கி வந்த தீயணைப்புக்காரர் சொன்னார். சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

பிடித்திருந்தார் என்றால் கொஞ்ச நேரமாவது பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார் என்றுதானே அர்த்தம். அந்தக் கொஞ்ச நேரத்தில் கரையில் நாங்கள் பத்து பேர்தானே, பத்து பேர்தானே என்று ஆள் மாற்றி ஆள் கேட்டுக்கொண்டிருந்தோம். ஊர்க்காரர்கள் கேட்டார்கள், போலீஸ்காரர் கேட்டார், கடைசியில் நான் கேட்டேன். ஒவ்வொரு தடவையும் சரியான பதில் வந்தது. ஏஜெண்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் உடலை ஊருக்கு அனுப்ப அந்த மனிதர்தான் ராப்பகலாக அலைந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். அவரைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். கேள்வி கேட்ட நாங்கள் எல்லோரும் நல்லவர்கள், அக்கறையாகத்தான் கேட்டோம். அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாங்கள் அளந்துதான் வைத்திருந்தோம். அந்த அளவுக்குள் ஹாஷேம் வரவில்லை. உங்களில் எத்தனை பேர் நாளைக்கு இந்த எண்ணுப்பெயர் வேலையே செய்யப் போகிறீர்களோ எனக்குத் தெரியாது. சிலர் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்குப் போவீர்கள், சிலர் நீதிமன்றத்துக்கு மொழிபெயர்க்கப் போவீர்கள். எங்கே போனாலும், உங்களுக்கு முன்னால் யாரோ ஒருவர் ஓர் எண்ணைச் சொல்லி வைத்திருப்பார். அதை ஆமாம் என்று சொல்ல வைப்பது உங்கள் வேலை இல்லை. உட்காரச் சொல்லுங்கள். அவர்களே இடம் பார்த்து உட்காரட்டும். நேரமில்லை என்பார்கள். நேரமில்லாதபோதுதான் அதைச் செய்ய வேண்டும்.

ஜமாலிடம் சொல்ல ஆள் இல்லை; சிராஜும் மற்றவர்களும் ஹாஷேமின் உடலை விட்டு நகரவில்லை. அவர்களை விட்டால் வங்காளம் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அலுவலரின் வண்டியிலேயே மருத்துவமனைக்குப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். வார்டில் கூட்டம் அதிகம் இல்லை. நர்ஸ் ஒருவர் என்னைப் பார்த்ததும், அந்த வடநாட்டுக்காரருக்கு வேண்டியவரா என்று கேட்டு எழுந்து வந்தார். பாவம், நல்ல பெண். அவர் பக்கத்திலேயேதான் இருந்திருக்கிறார்.

"ஆம்புலன்ஸ்லேயே முழிப்பு வந்துடுச்சாம். வந்ததுலேருந்து ஒரே பேச்சையே சொல்லிக்கிட்டு இருக்காருங்க. எங்க யாருக்கும் புரியல. பொலம்புறாருன்னு டாக்டர் தூங்க ஊசி போட்டாரு, அப்பவும் நிறுத்தல. எகாரோ ஜொன், எகாரோ ஜொன்னு. அப்படின்னா என்னங்க?"

"பதினோரு பேர்னு சொல்லியிருக்காரும்மா" என்றேன்.

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஜமால் விழித்துத்தான் இருந்தார். ஊசியின் மயக்கத்தில் கண் செருகியிருந்தது. என்னை அடையாளம் கண்டுகொண்டார். நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அவருடைய மொழியில் ஆளை எண்ணுவது எப்படி, மாட்டை எண்ணுவது எப்படி, நாற்று முடியை எண்ணுவது எப்படி என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவேன். அதில் பாதியைத் திருத்திக் கொடுத்தவரே அவர்தான். அண்ணன் போய்விட்டார் என்று ஒரு தம்பியிடம் அந்த மொழியில் எப்படிச் சொல்லுவார்கள் என்று மட்டும் நான் யாரிடமும் கேட்டு வைத்திருக்கவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வாயைத் திறந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை.

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, எனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக நிறுத்தி நிறுத்திச் சொன்னார்.

"தொஷ் ஜொன்."

இப்போது பத்து பேர். நான் அவர் கையை விடாமல் உட்கார்ந்திருந்தேன்.